காணாமல் போன பித்தளைச் சிங்கம்

“நான் வேலைக்குப் போனாப் பிறகு வீட்டில நிக்கிறது நீர் ஒராள்தானே?”

இராஜேஸ்வரி அன்ரி கேட்டது அவ்வளவுதான். மாடிப்படியில் நின்ற சிவானிக்கு முகம் பற்றி எரிந்தது.

வாசல் கதவிலிருந்த பித்தளைச் சிங்கத்தைக் காணவில்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டிய செங்கல் வீடு அது. வருகிறவர்கள் கதவைத் தட்டுவதற்காகச் சிங்கத்தின் வாயில் ஒரு வளையம் தொங்கும். வீட்டுக்காரியான அன்ரி கீழே இருந்தா. மேல்மாடியில் புதிதாகக் கல்யாணம் முடித்த சிவானியும் நிதுசனும் வாடகைக்கு இருந்தார்கள்.

“நான் எடுக்கேல்லை அன்ரி.”

“எடுத்தனீர் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா சிங்கம் தானா இறங்கி நடந்து போகாது பாரும்.”

பின்னேரம் பக்கத்து நகரமான ஒஷாவாவில் வேலை முடிந்து வந்த நிதுசனுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது.

“வேற வீடு பாப்பம். உந்தக் கதை கேட்டுக்கொண்டு இருக்கேலாது.”

“இப்ப மாறினா, கள்ளி ஓடிட்டாள் எண்டுதான் சொல்லுவா. எடுத்த ஆளைப் பிடிச்சுக் குடுத்திட்டுத்தான் நான் இந்த வீட்டால வெளிக்கிடுவன்.”

நிதுசன் அவளை வியப்போடு பார்த்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு பனிக்காலம் முழுக்க ஜன்னலோடேயே கிடந்தவள். எங்கே கூப்பிட்டாலும் “குளிருது” என்பாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவன் கேட்டதேயில்லை.

“சரி, துப்பறிவம். பகல் நீர். பின்னேரம் ரெண்டுபேரும்.”

அடுத்த நாள் சிவானி ஜாக்கெட்டையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு தனியாக இறங்கினாள்.

பக்கத்து வீட்டு மரியா, போர்த்துக்கீசக் கிழவி, ஒன்றையும் காணவில்லை. ஆனால் கையைப் பிடித்து உள்ளே இழுத்து இருத்தி, கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விட்டா. இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறை என்பதால் ஒருவருக்கொருவர் நன்றாகவே விளங்கியது.

பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டில் தையல் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீனுக்கும் சிங்கத்தைப் பற்றித் தெரியவில்லை.

“குளிருக்குள்ள நிக்காதீங்க மகள், உள்ளுக்கு வாங்க,” என்று அவர் மனைவி ஸபீரா கதிரையை இழுத்துப் போட்டா. “தைக்கத் தெரியுமா?”

“தெரியும். ஊரில பிளவுஸ் தைச்சுக் குடுத்தனான்.”

“அல்ஹம்துலில்லாஹ்! கல்யாண சீஸன் வருது. எனக்கு உதவிக்கு ஒரு கை காணாம இரிக்கு.”

விசாரிக்கப் போனவள் அன்றைக்கே ஒரு மெஷினில் உட்கார்ந்தாள். பிறகு தினமும் போனாள். சில நாட்களில் சிங்கத்தைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டு வந்தாள்.

பின்னேரங்களில் புருசனும் பெண்சாதியும் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் ஏறிப் பழைய சாமான் கடைகளைத் துழாவினார்கள். பித்தளை யானை கிடைத்தது, குதிரை கிடைத்தது, சிங்கம் மட்டும் இல்லை. திரும்பி வரும்போது ஒவ்வொரு கடைக்காரரையும் சந்தேகித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, வெளியே போகக் கதவடிக்கு வந்த சிவானி அப்படியே நின்றாள். சிங்கம் இருந்த துளைகளை அடைத்திருந்த துணி விழுந்து கிடந்தது. துளை வழியே வெயில் உள்ளே பாய்ந்தது.

“நிது, ஓடி வாங்கோ! இஞ்ச பாருங்கோ.”

கதவின் உள்பக்கத்தில், பெயின்ற் படாத இரண்டு வட்டங்களை அவள் தொட்டுக் காட்டினாள்.

“நட்டு இறுக்கியிருந்த இடம். வெளியில நிண்டு ஆட்டினாலும் வராது. உள்ளுக்கை நிண்டுதான் கழட்டியிருக்கினம். கதவில ஒரு கீறல் கூட இல்லை. இந்த வீட்டுத் திறப்பு ஆராரிட்ட இருக்கு?”

“எங்களிட்ட. அன்ரியிட்ட.” நிதுசனுக்குக் குரல் மாறியது. “இப்பதான் விளங்குது. கள்ளி எண்டு பேர் வச்சு எங்களைத் துரத்திப்போட்டு, கூடின வாடகைக்கு விடப் போறா!”

இருவரும் நேரே அன்ரியின் குசினிக்குப் போனார்கள்.

“அன்ரி, சிங்கம் உங்களிட்டத்தான் இருக்கு,” என்றாள் சிவானி.

அன்ரி மறுக்கவில்லை. கேத்தலை அடுப்பால் இறக்கி வைத்துவிட்டு, அரிசி வாளிக்குள் கையை விட்டுச் சிங்கத்தை வெளியே எடுத்தா. அதன் வாயிலிருந்து அரிசி கொட்டியது.

“கண்டுபிடிக்க இவ்வளவு நாளே பிள்ளை?”

நிதுசன் பொறுமையிழந்தான். “வீட்டை விட்டு எழும்புங்கோ எண்டு நேர சொல்லியிருந்தா எழும்பியிருப்பம். என்ர மனிசிக்கு ஏன் கள்ளிப் பட்டம்?”

“ஆர் உங்களை எழும்பச் சொன்னது? தம்பி, இது பழைய வீடு. மேல நடக்கிறதெல்லாம் பலகைக்கால கேக்கும். காலமை நீர் காரை எடுத்த கையோட இவள் அழத் தொடங்குவாள். நான் மத்தியானம் வேலைக்கு வெளிக்கிடுமட்டும் நிப்பாட்ட மாட்டாள்.”

நிதுசன் திரும்பிச் சிவானியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“அதை என்னட்டயே கேட்டிருக்கலாமே அன்ரி,” என்றாள் மெல்ல.

“கேக்கேல்லையே? எத்தினை தரம் படியேறி வந்து சுகமோ எண்டு கேட்டனான்! ‘ஓம் அன்ரி’ எண்டு சிரிச்சுக்கொண்டு கதவைச் சாத்தினாய். ஒருக்காக் கள்ளியைப் பாக்கிற மாதிரிப் பாத்தன், தெருவெல்லாம் திரிஞ்சு சினேகிதம் பிடிச்சிட்டாய்!”