ஆற்றை பெடியன்?

"மாட்டன் எண்டால் மாட்டன் அப்பா!"

"ஏன் மாட்டாய்? வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லு!"

குரோருட் நகர்ப்பகுதியின் அடுக்குமாடியில் அந்த வீடே அதிர்ந்தது. ஜெயரத்தினத்துக்குக் கோபம் வந்தால் மேல்வீட்டு யூலியா தன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். இன்றைக்கும் கூட்டிவிட்டாள், பாவம்.

விசயம் இதுதான். மகள் யதுர்ஷாவுக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் வருசம். முன்கூட்டியே ஒரு சோதினை எழுதிப் பாஸ் பண்ணினால் கல்குலஸ் வகுப்புக்கே போகத் தேவையில்லை, நேரே அடுத்த பாடம்தான். பெட்டை கணக்கில் புலி. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். பதிவதற்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். அவளோ லாப்டொப்பை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், என்ரை மகள் கல்குலஸ் வகுப்பை எட்டியும் பாக்கமாட்டாள் எண்டு. இனி எந்த மூஞ்சையோடை அங்கை போறது?"

"என்னைக் கேட்டோ சொன்னனீங்கள்?"

"கதையாதை! மூத்தவன் அந்தப் பாடத்திலை ரெண்டு தரம் கோட்டை விட்டு என்ரை மானத்தை வாங்கினது காணும். அவனை நான் தலை முழுகியாச்சு. இனி எனக்கு நீ ஒரு பிள்ளைதான். நீயும் என்னைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியோ?"

அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்த உதயகுமாரி திரும்பிப் புருசனை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சூசைரட்ணம். நல்ல சேதி சொல்ல அந்த மனிசன் என்றைக்குப் போன் எடுத்தது!

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நேற்று ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியிலை உங்கடை மகளைக் கண்டனான். ஒரு பெடியனோடை இருந்து கோப்பி குடிக்குது. மேசை நிறையக் கணக்குப் புத்தகம். ஆனால் பிள்ளை அவன்ரை தலையிலை குட்டிக் குட்டியெல்லோ சிரிக்குது!"

"ஆர் அவன்?"

"முகம் வடிவாய்த் தெரியேல்லை அண்ணை. காடு மாதிரித் தாடி, கண் வரைக்கும் தொப்பி. எங்கடை ஆள்தான்."

போனை வைத்தவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இப்பவெல்லோ விளங்குது! அந்தத் தாடிக்காரனும் உந்தக் கல்குலஸ் வகுப்போ?"

"ஓம்."

"அவனுக்காகத்தான் சோதினை எழுதாமல் நிக்கிறாய், என்ன?"

"ஓம், அவருக்காகத்தான்."

"அவராம், அவர்!"

"இந்த முறையும் பாஸ் பண்ணாட்டி அவரை இனி எழுத விடமாட்டினம் அப்பா. தனிய அந்த வகுப்புக்குள்ளை போக அவருக்குக் கை கால் நடுங்குது. நான் பக்கத்திலை இருந்தால்தான் போவார்."

"ஒரு மொக்கனுக்கு நீ காவலோ? அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பெத்துப்போட்டுத் தெருவிலை விட்டிருக்கிறானே அவன்ரை தேப்பன், அவனெல்லாம் ஒரு மனிசனோ!"

திடீரென்று அவர் பார்வை அடுப்படிக்குப் போனது. அங்கே வழக்கம்போல இரண்டு சாப்பாட்டுப் பெட்டி.

"ஓகோ! உவள் ஒருத்திக்கு ஏன் ரெண்டு பெட்டி போகுதெண்டு யோசிச்சனான். நீயும் கூட்டுக்கள்ளியோ? ஆரோ பெத்ததுக்கு என்ரை வீட்டுப் புட்டோ? சொல்லுங்கோடி, ஆற்றை பெடியன் அவன்?"

யதுர்ஷா வாயைத் திறக்க முதல் உதயகுமாரி வந்தாள். இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"உங்கடை பெடியன்!"