ரீலுக்குப் புது நரம்பு

குத்தகைப் பதிவு விசாரணைக்கு அதிகாரி பத்து மணிக்கு வருவதாகத் தகவல். ஒன்பதரைக்கே பேன்ட் போட்ட ஒருவர் வந்து, வயலை ஒட்டிய குளத்தங்கரையில் உட்கார்ந்து தூண்டில் ரீலை எடுத்தார். பண்ணையின் நிலத்தைக் குத்தகைக்கு உழும் ரெத்தினம் ஓடிப்போய்க் கும்பிட்டார்.

"புது நரம்பு சுத்தணும். கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

நரம்புக் கட்டையைப் பென்சிலில் கோத்துக் கொடுத்தார் வந்தவர். ஈரத்துணியால் நரம்பை அழுத்திப் பிடித்தால்தான் ரீலில் இறுக்கமாகப் படியும். தளர்ந்து படிந்தால், வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கிக்கொள்ளும். ரெத்தினத்துக்கு ஐந்து நிமிடத்தில் கை பழகிவிட்டது.

"நல்லா பிடிக்கிறீங்களே! எத்தனை வருஷமா இந்த வயல்ல?"

"பதினாலு வருஷங்க. போன வருஷம் மட்டும் எனக்கு மஞ்சக்காமாலை. மச்சான்தான் உழுது நட்டான். தானே உழுதவன் பேருக்குத்தான் பதிவாம், அத வெளியில சொல்லாதேன்னு சொன்னா பொஞ்சாதி. ஐயாகிட்ட மறைக்கலாங்களா?"

"மறைக்கவே கூடாது."

ரீலின் விளிம்புக்குக் கீழே ஒரு நெல்மணி அளவு இடம் விட்டு, நரம்பை வெட்டினார் வந்தவர்.

அப்போது ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அதிகாரியைப் பார்த்ததும் ரீல்காரர் எழுந்து வணக்கம் சொன்னார்.

"வாங்க சார். நான் பண்ணையோட வக்கீல். போன வருஷம் யார் உழுதான்னு மட்டும் இவர்கிட்ட கேளுங்க, போதும்."