தூங்குமூஞ்சி நொதி

"மாசக்கணக்கா கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறேன். ஒரு நாளாவது வேலை செஞ்சிருக்கா, தூங்குமூஞ்சி!"

போனில் அவள் போட்ட சத்தத்தில் கணவன் அரண்டுபோனான். "யாரச் சொல்றே? நேத்துகூட துணியெல்லாம் மடிச்சு வெச்சேனே!"

"உங்கள இல்லங்க. என் நொதிய."

பனிப்பாறைக்கு அடியில் வாழும் பாக்டீரியாவிலிருந்து பிரித்த நொதி, அதாவது என்சைம், அது. குளிர்ந்த தண்ணீரிலேயே துணிக்கறையைக் கரைத்துவிடும் என்று நம்பித்தான் ஆராய்ச்சி மாணவியான அவள் அதன் பின்னால் அலைந்தாள்.

"இன்னிக்கும் கருவித் திரையில கோடு ஏறலன்னா எல்லாத்தையும் கொட்டிட்டு வேற தலைப்பு எடுக்கணுமாம். பேராசிரியர் தீர்த்துச் சொல்லிட்டார்." போனை வைத்துவிட்டாள்.

அவளும் ஒரு குறை வைக்கவில்லை. இந்த நொதியின் உடம்பு இறுக்கமில்லாமல் தளர்வாக மடிந்திருக்கும். லேசாகச் சூடு பட்டாலே குலைந்துவிடும். அதனால் நொதியையும் அது உடைக்கவேண்டிய பொடியின் கரைசலையும் சோதனைக்குழாயில் கலந்து, நிறத்தை அளக்கும் பொதுக் கருவியில் தன் முறை வரும்வரை ஐஸ் பெட்டிக்குள் புதைத்து வைப்பாள். ஐஸில் வைத்தால் எந்த நொதியும் தூங்கிவிடும் என்பது ஆய்வுக்கூடத்தில் அரிச்சுவடி.

முறை வந்ததும் குழாயைக் கருவியில் செருகி, அப்போதிருக்கும் நிறத்தைப் பூஜ்யமாகக் கொள்ளும் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரையைப் பார்ப்பாள். பொடி உடைய உடைய மஞ்சள் நிறம் கூடும், கோடும் மேலே ஏறவேண்டும்.

இன்றும் கோடு படுத்தே கிடந்தது. அவளுக்கு அந்தக் கருவியைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது.

"என்னம்மா, இன்னும் கொட்டலையா?" பேராசிரியர் உள்ளே வந்தார்.

"கொட்டிட்டுத்தான் சார் இருக்கேன்." ஐஸ் பெட்டியில் மிச்சமிருந்த குழாய்களை வாரி எடுத்து, கழுவும் தொட்டியில் வெடுக்வெடுக்கென்று கவிழ்த்தாள். எல்லாம் மஞ்சள். "பொடியே பழசு போல சார். கருவிக்குக் கொண்டுபோறதுக்குள்ள மஞ்சள் அடிச்சிடுது."

"பொடி மேல பழியப் போடாதே. நகரு, நானே கொட்டறேன்." அவர் நொதி இருந்த புட்டியை எடுத்து மூடியைத் திருகினார்.

அவள் கையில் கடைசிக் குழாய் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நொதி சேர்க்காமல் வைத்த குழாய். அதையும் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றாள்.

வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அதே பொடி, அதே ஐஸ்.

பேராசிரியர் புட்டியைச் சாய்த்தார். மரியாதையெல்லாம் மறந்து அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"கொட்டாதீங்க சார்! இது தூங்கவே இல்ல. ஐஸுக்குள்ளயே மொத்த வேலையையும் முடிச்சிட்டு உக்காந்திருக்கு!"