ஏழாவது கேள்வி

மருத்துவமனை வராந்தாவில் ஜன்னல் வழியாகப் பாதி பெஞ்சுக்கு மட்டும் காலை வெயில் விழுந்திருக்கிறது. மகளின் வலது கையில் மருந்து ஏற்றும் ஊசி குத்தியிருப்பதால், அப்பாதான் படிவத்தை வாசித்து நிரப்புகிறார். நாளை அவளுடைய கருமுட்டைகளை எடுத்து உறைய வைப்பார்கள். கருமுட்டைகளைக் கெடுத்துவிடக்கூடிய புற்றுநோய் சிகிச்சை திங்கட்கிழமை தொடங்குகிறது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய கை, அவள் பெயரை எழுத்தெழுத்தாக எழுதுகிறது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று வாசிக்கிறார். "தெரியாத மாதிரி கேக்குறீங்க," என்று அவள் சிரிக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதுகிறார். ஆறாவது கேள்வி முடிந்ததும் நேராக எட்டுக்குப் போய்விடுகிறார். "அப்பா, ஏழு எங்க?" "அது நமக்கு இல்லம்மா." அவள் சாய்ந்து தானே வாசிக்கிறாள்: நோயாளி இறந்துவிட்டால் முட்டைகளை என்ன செய்வது? "இதையும் எழுதணும்ப்பா. இல்லன்னா ஃபாரத்த வாங்க மாட்டாங்க." "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு," என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். அவள் இடது கையால் பேனாவை வாங்கி, 'அழித்துவிடலாம்' என்ற கட்டத்துக்குள் கோணலாக ஒரு கோடு இழுக்கிறாள். தாள் நகர்ந்துவிடாமல், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபடி, அப்பா அதை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்கிறார்.