திரைக்குப் பின்னால நாலு நாள்

ஜிபாரோட பெட்டிய எங்க மாமியாளே கட்டினா. கட்டி, வாசல் வரைக்கும் இழுத்துட்டும் வந்துட்டா.

ஜனவரியில வந்த மருமக. ஏப்ரல்ல திரும்பிப் போறா.

என் கடைசிக் கொழுந்தன் எர்மெக்குக்குக் கட்டி வச்ச பொண்ணு. மார்ச்லேருந்து இருமல், சளியில ரத்தம். டீபின்னு சொன்னப்பகூட யாரும் அலட்டிக்கல, ஆறு மாசம் மாத்திரை தின்னா போயிடும்னு இருந்தாங்க. நேத்து நாரின் பெரியாஸ்பத்திரிலேருந்து இன்னொரு காகிதம் வந்துச்சு. இவ நெஞ்சுல இருக்கிற கிருமிய அந்த மாத்திரைங்க ஒண்ணும் பண்ணாதாம்.

நர்ஸ் சாகின் பொறுமையாத்தான் விளக்கினா. யாரோ மாத்திரைய ஆரம்பிச்சுப் பாதியில விட்டிருக்காங்க. செத்தது போக மிஞ்சின கிருமி, மருந்துக்கு அடங்காததாப் பெருகிடுச்சு. அவங்க இருமினதோ பேசினதோ, அந்தக் காத்த இவ சுவாசிச்சிருக்கா. இவ இதுக்கு முன்ன ஒரு மாத்திரைகூடத் தின்னதில்லியே, இவளா வரவழைச்சதில்லன்னா.

மாமியாளுக்கு அது போதும். அப்ப பொறந்த வீட்டுலேருந்து வாங்கிட்டு வந்திருக்கா, அங்கேயே கொண்டு விடுன்னுட்டா. எர்மெக் தன் பூட்ஸையே பார்த்துட்டு நின்னான். ஆறடி ஆம்பள.

வீட்டுல எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தாச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. வெளியாளுங்க யாராவது மூடின அறையில இவகூட ரொம்ப நேரம் இருந்தாங்களான்னு சாகின் கேட்டா. புதுப்பொண்ணு எங்க போவா, திரைக்குப் பின்னாலதான் கெடந்தான்னு மாமியா சிரிச்சா.

மூலையில திரை கட்டிப் புதுப்பொண்ண உக்கார வைக்கிறதுதானே எங்க ஊர் வழக்கம். துணைக்கு மூத்த மருமக இருக்கணும். தனிக்குடித்தனம் இருக்கிற எதிர்வீட்டுலேருந்து வந்து நாலு நாள் நான்தான் இருந்தேன். ஜன்னலெல்லாம் காகிதம் ஒட்டி, அடுப்பு எரிய, ஒரே கம்பளிக்குள்ள ரெண்டு பேரும். அம்மா அம்மான்னு அழுதா பாவம். வாய் ஓயாம பேசிச் சிரிக்க வச்சேன். எர்மெக் கழுதை மேலேருந்து விழுந்த கதை, நான் மாஸ்கோவுல ரொட்டி சுட்ட கதை, என் புருஷனுக்கே தெரியாததெல்லாம் சொன்னேன்.

என்னைய யாரும் வெளியாள்னு எண்ணல. எதிர்வீட்டுக்காரின்னு படமும் எடுக்கல.

கடைசியா சாகின் ஜிபார்கிட்டயே கேட்டா. மருந்தப் பாதியில விட்டவங்க யாரையாவது உனக்குத் தெரியுமா, சொன்னா உன்மேல பழி இருக்காது, இங்கேயே வச்சு வைத்தியம் பார்க்கலாம்னா.

ஜிபார் தலைய குனிஞ்சுக்கிட்டா. யாரும் இல்லைன்னா.

நான் எல்லாருக்கும் டீ ஊத்தினேன்.

கார் வந்துச்சு. அவ தலைத்துணி அவிழ்ந்து தொங்குச்சு, காத்து வேற அப்படி அடிக்குது. கிட்டப் போய் நான்தான் கட்டிவிட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. முடிச்சுப் போடுற வரைக்கும் மூச்சே விடல. என்மேல படக் கூடாதுன்னு பார்க்குறா, நல்ல பொண்ணுன்னு நெனைச்சேன்.

அப்புறம் காதோரமா மெதுவா சொன்னா.

"அக்கா, மீதி மாத்திரைய நீங்களாச்சும் தின்னு முடிச்சிருங்க."

சரி கண்ணுன்னேன்.

மீதி ஏது. ரெண்டாம் மாசமே இருமல் நின்னுடுச்சு, உடம்பு தேறிடுச்சுன்னு மாஸ்கோவுலயே குப்பையில கொட்டிட்டு வந்தவதானே நான்.

கார் கதவ நானே சாத்தினேன்.