இருபத்து மூன்றாம் பயிற்சி

"வீட்டைப் பேச வைக்கவும்" என்பது ஃபர்ஹானா படித்த கணினி நிரல் வகுப்பில் இருபத்து மூன்றாம் பயிற்சி. அவள் இறந்து ஏழு மாதமாகியும், அவள் எழுதிவைத்தபடியே வீடு தினமும் காலை எட்டு மணிக்கு அவள் குரலில் கேட்கும்: "வாப்பா, மாத்திர போட்டாச்சா?" போடும்வரை விடாது.

அவள் குரல் இருந்த அந்தக் கோப்பு தொலைந்துவிடக் கூடாதே என்று அவள் வாப்பா மீரான் அவளுடைய கணினியைத் திறந்து, அவள் வழக்கமாகத் தட்டும் கட்டளையைத் தட்டினார்: ஒத்திசை.

"உங்கள் பிரதி பழையது. வகுப்பின் மூலப் பிரதியைக் கொண்டு புதுப்பிக்கவா?" என்று திரை கேட்டது.

புதுப்பித்தால் பத்திரமாக இருக்குமென்று நம்பி, 'ஆம்' என்று அடித்தார்.

மறுநாள் வீடு யாரோ ஒருத்தியின் குரலில் பேசியது. "வணக்கம், பயனரே. மணி எட்டு."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சுலைகா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, புள்ள இன்னிக்கி வாப்பான்னு கூப்பிடலையே?"

மீரான் மாத்திரையைப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை காத்திருந்தார்.