அறுபது தலைப்புகள்

திருக்கோகர்ணம் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்று சார்லஸ் தன் கையடக்கக் கருவியை வெயிலுக்கு மறைத்துப் பிடித்திருக்கிறார். இணையப் பக்கங்களை அதில் சேமித்துப் படிக்க அவரே ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் அது விராலிமலை பற்றிய ஒரு பக்கத்தை இழுத்த இழுப்பில் அந்த மலை மயிலொன்று தோகையோடு கூடவே வந்துவிட்டது. நான்தான் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். நேற்று இழுத்தது, இறந்துபோன அவர் மனைவி ஷர்லியின் வலைப்பூவை. அந்தத் தளத்தை இன்று காலை மூடிவிட்டார்கள். திரையில் அறுபது தலைப்புகள் நீல நிறத்தில் வரிசையாக நிற்கின்றன. எதைத் தொட்டாலும் ‘இணைப்பு இல்லை’ என்கிறது. “நிரல்ல மொதப் பக்கம் மட்டும் எடுத்தாப் போதும்னு வச்சிருந்தத மாத்த மறந்துட்டேண்ணே.” “கதவ மட்டும் கழட்டிட்டு வந்திருக்கியேப்பா, வீடு அங்கிட்டே நின்னுபோச்சே. முன்னாடி ஒண்ணுகூடப் படிச்சதில்லையா?” “அப்புறம் படிச்சுக்கலாம்னு இருந்தேன்.” பஸ் வந்து நின்று போகிறது. திரையில் படிந்த புழுதியைச் சட்டை நுனியால் துடைக்கிறார். விரல் கடைசித் தலைப்புக்கு இறங்குகிறது: ‘சார்லஸ் இதைப் படிக்கமாட்டார்’. தொடுகிறார். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் தொடுகிறார்.